தொடாமல் நிற்கும் கைகள்

கயிறில்லாமல் குறைந்த உயரம் ஏறிப் பழகும் போல்டரிங் ஜிம்மில் யாரும் யாருக்குப் பின்னாலும் நிற்பதில்லை. நிற்கத் தேவையும் இல்லை. சுவரடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் அடி கனத்துக்கு நுரை மெத்தை விரித்திருக்கிறார்கள். ஏறுகிறோம், கை நழுவுகிறது, விழுகிறோம், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறோம். பக்கத்தில் ஒருவர் விழுவதை நாம் கவனிக்கக்கூட வேண்டியதில்லை. பல ஜிம்களில் ஏறுபவருக்குக் கீழே நிற்கவே வேண்டாம் என்கிறார்கள். அவர் நம் மேல் விழுந்தால் இருவருக்கும் அடி.

என் மகள் என்னை முதன்முதலாகப் பாலைவனத்துக்கு, நிஜப் பாறைகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போனாள். அன்று நான் பாறையில் தொற்றிக்கொண்டிருந்த நேரத்தைவிட, வேறொருவரின் முதுகுக்குப் பின்னால் கைகளை உயர்த்திக்கொண்டு நின்ற நேரமே மிக அதிகம். விழக்கூடிய ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் என்னதான் செய்ய முடியும்? அதுவும் அவர் வளர்ந்தவராக, தன் விருப்பத்தோடு ஏறுகிறவராக இருக்கும்போது? வயது ஐம்பதைத் தாண்டியபின் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். நண்பர்கள் நோயில் விழுகிறார்கள், தொழிலில் விழுகிறார்கள். அவர்களுக்கு அருகில் எங்கே நிற்பது, எவ்வளவு அருகில் நிற்பது என்பது எனக்கு எப்போதும் தெளிவாக இருந்ததில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. மொஹாவி, கொலராடோ என்ற இரண்டு பாலைநிலங்கள் சந்திக்கும் இடம். நகரத்துத் தோட்டங்களுக்காக இங்கிருந்து செடிகளைப் பிடுங்கிப் போவதைப் பொறுக்காமல் மினெர்வா ஹோய்ட் என்ற பெண்மணி ஆண்டுக்கணக்கில் போராடினார். 1936இல் இந்த நிலம் அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. 1994இல் தேசியப் பூங்காவானது. ஏறுபவர்கள் குளிர்காலத்தில்தான் வருகிறார்கள். கோடையில் பாறையில் கை வைக்க முடியாது. குளிரில் விரல் வியர்க்காது, தோல் நன்றாகப் பிடிக்கும். ஹிட்டன் வேலி என்ற பகுதியில், கடல்மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கு மேல், காலை வெயிலில்கூட எங்கள் மூச்சு புகையாக வந்தது. குழாய்த் தண்ணீர் கிடையாது, செல்பேசிக்கு சிக்னல் கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரைச் சுமந்து வந்திருந்தோம்.

பாறைகளைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். வீடு உயரத்துக்கு, லாரி அளவுக்கு, ஆள் உயரத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாமே முனை மழுங்கிய உருண்டைகள். காற்று தேய்த்து உருட்டியது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை வேறு. இது மான்சோகிரானைட் என்ற பாறை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்துக்கு வெகு ஆழத்தில் உருகிய குழம்பு மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. இறுகியதில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. அப்போது இங்கே மழை இருந்தது. நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, பாறைக் கட்டிகளின் மூலைகளை மண்ணுக்குள்ளேயே கரைத்து வட்டமாக்கியது. பிறகு நாடு வறண்டது. எப்போதாவது வரும் காட்டுவெள்ளம் மேல்மண்ணை அடித்துப்போக, ஏற்கெனவே உருண்டையாகிவிட்ட பாறைகள் வெளியே வந்து ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. நாம் பார்க்கும் வடிவம் வெயிலைக் காணும் முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்ட ஒன்று.

அந்தப் பாறையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. படிகங்கள் தோலை உரிக்கும். ஜிம்மில் வண்ணப் பிடிகள் வழி சொல்லும்; இங்கே ஒரு வழியும் எழுதி வைக்கப்படவில்லை. இதைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் என்னை மாற்றியது பாறை அல்ல, அதன் அடிவாரம்.

முதுகில் சுமந்து வந்த மெத்தைகளை மகளும் அவளுடைய தோழர்களும் இறக்கினார்கள். கிராஷ் பேட் என்கிறார்கள். விரித்தால் ஒற்றைக் கட்டில் அளவு. அதை எங்கே போடுவது என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு வியப்பாக இருந்தது. தரை சமமில்லை. ஓரிடத்தில் கல் துருத்துகிறது, ஓரிடத்தில் புதரின் வேர். இரண்டு மெத்தைகள் சேரும் இடுக்கில் கால் விழுந்தால் கணுக்கால் பிசகும். அதனால் இடுக்கின் மேல் ஒரு மெல்லிய மெத்தை. எந்த அசைவில் கை நழுவும், நழுவினால் உடம்பு எந்தப் பக்கம் வீசப்படும் என்று ஏறும் முன்பே யோசித்து, அங்கே நகர்த்தினார்கள். இன்னும் நடக்காத விழுகையை ஒருவர் கற்பனை செய்து, அது விழும் இடத்தில் மெத்தையைப் போட்டு வைக்கிறார். அதில் அவநம்பிக்கை இல்லை. "நீ விழுவாய்" என்று யாரும் சொல்லவில்லை. விழுந்தாலும் பரவாயில்லை என்று தரையே சொல்லும்படி செய்தார்கள்.

அடுத்தது ஸ்பாட்டிங், அதாவது பின்னால் நிற்பது. மகள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

"கட்டைவிரலை மத்த விரலோட ஒட்டி வைங்கப்பா. கை கரண்டி மாதிரி இருக்கணும், முள்கரண்டி மாதிரி விரியக்கூடாது. விரிஞ்சா உங்க விரல் போயிடும்."

"உன்னைப் பிடிச்சுடணும், அவ்வளவுதானே?"

"பிடிக்கவே கூடாதுப்பா. பிடிக்கவும் முடியாது. நான் மெத்தைல கால் ஊன்றி நிக்கற மாதிரி திருப்பி விட்டாப் போதும். தலையும் முதுகும் கல்லுல படாம பாருங்க. என் கையைப் பார்க்காதீங்க, இடுப்பைப் பாருங்க."

ஏன் இடுப்பு என்பது நின்றபின் புரிந்தது. கை என்ன முயல்கிறது என்பது பார்க்கச் சுவாரசியமானது. அதிலேயே கண் போகும். ஆனால் உடம்பின் எடை இடுப்பில் இருக்கிறது, விழும்போது முதலில் கிளம்புவது அதுதான். ஒருவரின் சாகசத்தை ரசிக்கிற கண்ணும் அவரைக் காக்கிற கண்ணும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. இதை நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் வீட்டையும் பார்க்கிறோம். எடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு.

இன்னொரு விதி. பின்னால் நிற்பவரின் கை ஏறுபவரின் உடம்பில் லேசாகப் பட்டுவிட்டாலும் அந்த ஏற்றம் கணக்கில் சேராது. அவர் மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். ஆகவே உள்ளங்கை முதுகுக்கு மிக அருகில் இருக்க வேண்டும், படவும் கூடாது. உதவி என்று நினைத்துத் தொட்டால் அவருடைய உழைப்பை நாம் பறித்துக்கொண்டதாகிவிடும். விலகிப் போனால் அவர் விழும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். அந்த நான்கு விரல் இடைவெளியில் கையை நிறுத்தி வைப்பது தோளுக்கு மிகுந்த வலி. மகளின் கால் ஒரு வழுக்கலில் நடுங்கியபோது என் உள்ளங்கை முழுவதும் அவளை நோக்கி இழுபட்டது. பிறந்த நாள் முதல் அவளைத் தாங்கிப் பழகிய கை அது. நிறுத்தி வைத்தேன். அவள் கால் ஊன்றி மேலே போனாள்.

வாயைக் கட்டுவது கையைக் கட்டுவதைவிடக் கடினம். கீழே நிற்பவருக்கு அடுத்த பிடி நன்றாகத் தெரிகிறது. ஏறுபவரின் முகமோ கல்லில் ஒட்டியிருக்கிறது, அவருக்குத் தெரிவதில்லை. "வலது காலைக் கொஞ்சம் தூக்கு" என்று சொல்லத் துடிக்கிறது நாக்கு. கேட்காதவருக்கு வழி சொல்லக்கூடாது என்பது இவர்களிடம் உறுதியான பழக்கம். கண்டுபிடிப்பதுதான் பாதி ஏற்றம். அதைச் சொல்லிவிட்டால் அவருக்கு மிச்சம் இருப்பது உடற்பயிற்சி மட்டுமே. கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் சொல்வார்கள்.

பிற்பகலில் தனியாக வந்திருந்த ஒரு பெண் எங்களிடம் வந்தாள். பக்கத்துப் பாறையில் ஒரு தடம் முயல்கிறேன், யாராவது கொஞ்சம் பின்னால் நிற்க முடியுமா என்று கேட்டாள். நான் போனேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் குனிந்து பாறையின் அடியில் கை வைத்து, "தயாரா?" என்றாள். "தயார்" என்றேன். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்ட பிறகுதான் காலைத் தூக்கினாள். வெளிச்சாய்வான பாறை, முதுகு தரையைப் பார்த்திருக்கும். மேல் விளிம்புக்கு எம்பியபோது விரல் நழுவியது. என் கைகள் அவள் தோள்பட்டைகளின் அடியில் போய்ச் சேர்ந்தன. உடம்பு நிமிர்ந்தது, இரண்டு காலும் மெத்தையில் இறங்கின. சிரித்துவிட்டு, கைகளுக்கு மறுபடி சாக் பவுடர் பூசப் போனாள். முன்பின் அறியாத ஒருவரின் முதுகெலும்பை ஒரு நிமிடத்துக்கு என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது பற்றி அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கேட்பது இங்கே பலவீனம் அல்ல, ஒழுங்கு. என் தலைமுறை ஆண்களுக்கு இது எளிதில் வராது. என் முறை வந்தபோது, பின்னால் நின்ற மகளிடம் "தயாராம்மா?" என்று கேட்டுவிட்டு ஏறினேன். அவள் குரல் பதில் சொன்னதும் என் கால்களுக்கு வந்த துணிவு என்னுடையது மட்டும் அல்ல.

என் அப்பா தபால் துறையில் இருந்தவர். மதுரையில் நிரந்தர வங்கி வேலையை விட்டுவிட்டு நான் மேற்படிப்புக்குக் கிளம்பியபோது வீட்டில் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதே சமயத்தில் மாடி அறையில் குடியிருந்தவர் காலி செய்து போனார். அப்பா அதற்கு வெள்ளையடித்தார், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். ஆனால் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. அந்த வாடகை வீட்டுக்குத் தேவைப்பட்ட காலம் அது. என் படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகுதான் அங்கே ஆள் வந்தது. வந்துவிடு என்று அவர் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. அறையைப் பற்றி அம்மா சொல்லித்தான் தெரியும். வேர் துருத்தும் இடம் பார்த்து மெத்தையை நகர்த்திக்கொண்டிருந்த அந்த இளைஞர்களைக் கண்டபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

போல்டரிங்கை ஒரு தனி விளையாட்டாக்கியதில் பெரும்பங்கு ஜான் கில் என்ற அமெரிக்கருக்கு. கணிதப் பேராசிரியர். 1950களில் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து சாக் பவுடரைப் பாறைக்குக் கொண்டுவந்தவர். 1961இல் தெற்கு டகோட்டாவில் 'திம்பிள்' என்ற ஒன்பது மீட்டர்ப் பாறையில் கயிறில்லாமல் ஏறினார். அடியில் மெத்தை இல்லை, மரத்தடுப்பு ஒன்று இருந்தது. விற்பனைக்கு மெத்தை வந்ததே 1990களில்தான். கயிறோ துணையோ இன்றி ஏறுவதையே வாழ்க்கையாக்கியவர்களும் இருக்கிறார்கள். ஜோஷுவா ட்ரீ பாறைகளில் ஏறிப் பழகிய ஜான் பேக்கர் அவர்களில் முதன்மையானவர். 1981இல், ஒரு முழு நாள் தன்னைப் பின்தொடர்ந்து ஏறுபவருக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக அறிவித்தார். யாரும் முன்வரவில்லை. 2009இல் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார். அவர் தேர்ந்தெடுத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் மனிதர் அடையக்கூடிய உயரங்களில் அதுவே மேலானது என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் ஒருவரை நிற்கச் சொல்வதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

பின்னால் நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மாலையில் மகள் ஓர் உயரமான பாறையைத் தேர்ந்தெடுத்தாள். ஆறு மீட்டருக்கு மேல் இருக்கும். தடம் அவளுக்குக் கடினமில்லை, உயரம்தான். நான் வழக்கம்போல் பின்னால் போய்க் கைகளைத் தூக்கினேன்.

"பாதிக்கு மேல போனதும் விலகிடுங்கப்பா. அங்கேர்ந்து விழுந்தா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, உங்களுக்கும் அடிபடும். மெத்தையை மட்டும் சரியாப் பார்த்துக்குங்க."

அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் ஏற்றுக்கொள்ள நேரமாயிற்று. அதைக் கவனித்திருப்பாள்.

"ஒரு வேலை பண்ணுங்க. பின்பக்கம் போய் இறங்கற வழி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாங்க. மேல ஏறினப்புறம் எனக்குத் தெரியாது."

பாறையைச் சுற்றி வந்தேன். வடபுறத்தில் ஒரு சரிவு, நடுவில் வெடிப்பு, அதன் கீழே இன்னொரு பாறை படிபோல் ஒட்டியிருந்தது. கடைசி இறக்கத்தில் மட்டும் முள்செடி. ஒரு மெத்தையை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்தபோது அவள் தொடங்கியிருந்தாள். பாதி தாண்டும்வரை பின்னால் நின்றேன். தாண்டியதும் விலகினேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மெத்தையின் விளிம்பை இழுத்து நேராக்கினேன். பேசவில்லை. மேல் விளிம்பில் அவள் கை தட்டுத் தடவிப் பிடி தேடியது, கிடைத்தது, முழங்கால் மேலேறியது, ஆள் மறைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"அப்பா, எந்தப் பக்கம் இறங்கணும்?"

"வடக்குப் பக்கம் வாம்மா. வெடிப்புல கால் வெச்சு இறங்கு. கீழ இடது பக்கம் முள்ளு இருக்கு, வலது பக்கமாவே வா. மெத்தை போட்டிருக்கேன்."