திருப்பணியும் ஞானமும்

ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ள சேர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையத்திலே, இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கிய நடராஜத் திருமேனியொன்று 2004ஆம் ஆண்டு முதலாக விளங்கி வருகின்றது. அணுவினுள்ளே துணிக்கைகள் தோன்றியும் மறைந்தும் புரியும் இயக்கத்தைச் சிவபெருமானின் தாண்டவத்தோடு ஒப்பிட்டுப் பௌதிக அறிஞர் காப்ரா எழுதிய வாசகமும் அதன் பீடத்தருகே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இதனைக் கேள்வியுற்ற நம்மவர் பலர் பெருமிதங் கொள்வதும், மேலைநாட்டு விஞ்ஞானம் ஈற்றில் தில்லையம்பலத்துக்கே வந்து சேர்ந்துவிட்டதென மேடைகளில் முழங்குவதும் இயல்பாகிவிட்டன.

சைவ சித்தாந்தத்தை முறையாகக் கற்றவர்க்கு இவ்வொப்புமை அத்துணை எளிதாக உடன்பாடாகாது. துணிக்கைகள் எவ்வளவு சூக்ஷ்மமானவையாயினும் மாயையின் காரியங்களே, அறிவற்ற சடப்பொருள்களே. அவற்றின் அசைவையே ஐந்தொழிற் கூத்தெனக் கொள்வது, பாசத்தைப் பதியென மயங்குவதாய் முடியும். அந்நிலையத்துக்கும் நம் சமயத்துக்கும் இடையே மெய்யான உறவொன்றைத் தேடுவோர், துணிக்கைகளின் ஆட்டத்தை விடுத்து, யந்திரம் பழுதுற்ற காலத்தில் அங்கே நிகழ்ந்த பணியை நோக்குவது நலமென்பது என் கருத்து.

நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்திலே, புரோத்தன் கற்றைகள் இரண்டினை எதிரெதிராக ஓட்டி மோதச் செய்யும் ஆர்முடுக்கி அங்கே உள்ளது. கற்றைகளை வளைத்துச் செலுத்தும் காந்தங்கள், மின்தடையற்ற மீகடத்து நிலையிலே தொழிற்படும்பொருட்டு, திரவ ஈலியத்தினால் பூச்சியத்துக்குக் கீழ் 271 பாகை வரை குளிரூட்டப்படுகின்றன. 2008 செப்டெம்பர் 10ஆந் திகதி, உலகமே நோக்கியிருக்க, புரோத்தன்கள் முதன்முறையாக அவ்வளையத்தைச் சுற்றிவந்தன. ஒன்பது நாட்கள் சென்றதும், இரு காந்தங்களுக்கிடையே மின்வடத்தின் மூட்டொன்று கெட்டது. ஓமின் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைந்திருக்க வேண்டிய தடை அம்மூட்டிலே சில நூறு மடங்கு மிகுந்திருந்தமையால், அது சூடேறி உருகி, மின்வில் பாய்ந்து, ஈலியக் கலத்தைத் துளைத்தது. தொன் கணக்கில் வெளியேறி வாயுவாய் விரிந்த ஈலியத்தின் அமுக்கம் பெரும்பாரமுடைய காந்தங்களை அவற்றின் தாங்கிகளிலிருந்து பெயர்த்தது. கற்றை செல்லும் வெற்றிடக் குழாயினுள் நெடுந்தூரம் கரி படிந்தது. 53 காந்தங்களை மேலே கொணர்ந்து, செப்பனிட்டோ புதியன கொண்டோ மீண்டும் பொருத்தி, 2009 நவம்பரிலேதான் கற்றைகளைத் திரும்பவும் ஓட்ட முடிந்தது. அப்பொழுதும் அஞ்சியஞ்சியே, குறைந்த சக்தியில் ஓட்டினர். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டுகள் யாவும் 2013இல் தொடங்கிய நீண்ட அடைப்புக் காலத்தில் வலுப்படுத்தப்பட்ட பின்னரே சக்தியை உயர்த்தினர்.

1964ஆம் ஆண்டிலே கணிதத்தால் அனுமானிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கை, அவ்வார்முடுக்கியின் மோதல்களிலே கண்டறியப்பட்டதாக 2012 ஜூலை 4ஆந் திகதி அறிவிக்கப்பட்டது. அனுமானித்தோருள் இருவருக்கு அடுத்த ஆண்டிலே நோபல் பரிசு கிடைத்தது. குழாயின் கரியைத் துடைத்தவர்க்கும் மூட்டினைப் பற்றவைத்தவர்க்கும் அந்த ஞானத்தில் பங்குண்டா, அன்றி அவர்கள் ஞானத்தின் வாயிலுக்குப் புறத்தே நின்ற கூலிகள் மாத்திரமா?

இவ்வினா யாழ்ப்பாணத்தாருக்குப் புறம்பானதன்று. ஏட்டறிவைத் தலைமேற்கொண்டு கைத்தொழிலைக் கீழிறக்கி வைத்த சமுதாயம் நம்முடையது. கேம்பிரிட்ஜிலே பௌதிக அறிஞர் டிராக்கிடம் பயின்ற பேராசிரியர் எலியேசரை நாம் போற்றுகிறோம், போற்றுதற்குரியவரே. ஆயின் அவர் போன்றோரின் சமன்பாடுகளை மெய்யெனவோ பொய்யெனவோ தீர்க்கும் கருவியைப் பேணுகின்றவனைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. கோவிலிலும் இதே குறை உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கோவிலிலே, தாழ்த்தப்பட்ட சாதியினர் எனப்பட்ட ஒரு சாராருக்கு எதிராக வாயில் அடைக்கப்பட்டதை அறிவோம். உழைக்கும் கை வேறு, தரிசிக்கும் கண் வேறு எனப் பிரித்த மனப்பான்மை அந்தக் கதவிலும் இருந்தது.

சாத்திரமோ அவ்வாறு பிரிக்கவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் எனும் நான்கு படிகளில், திருக்கோவிலைப் பெருக்குதலும் மெழுகுதலும் முதற்படியாகிய சரியையிலே வைக்கப்பட்டன. தமிழ்ச் சைவத்தின் பெருஞ்சான்றோராகிய அப்பரடிகளின் திருவுருவம் புல் செதுக்கும் உழவாரத்தோடு அல்லாமல் எங்கும் காணப்படுவதில்லை. பாடிய நாவும் செதுக்கிய கையும் ஒருவருடையனவே என்பதை நினைப்பின், திருப்பணி ஞானத்துக்குப் பின்னர் வரும் பராமரிப்பு அன்றென்பதும், ஞானம் நடந்துசெல்லும் வழியே அதுவென்பதும் புலனாகும்.

கீரிமலை நகுலேஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். பறங்கியர் இடித்த அத்தலம், ஆறுமுக நாவலர் மூட்டிய ஊக்கத்தின் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்தது. 1990இலே குண்டுவீச்சுக்கு இலக்காகிச் சிதைந்தது. 2012இலே கும்பாபிஷேகங் கண்டது. இத்தகைய பேரழிவு நேராத கோவில்களிலும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பாலஸ்தாபனம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றி, மூலஸ்தானத்தை அடைத்துத் திருப்பணி செய்வது வழக்கம். அப்பொழுது முதன்மையாகச் செய்யப்படுவது, விக்கிரகத்தைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துதலாகும். அடியவர் கண்ணுக்குத் தோன்றாத அம்மூட்டுத் தளர்ந்தால் வழிபாடே தளரும் என்பதனை ஆகமம் வல்லோர் அறிந்திருந்தனர். மூலஸ்தானம் அடைபட்ட மாதங்களிலே சிவபூசை ஒழிந்துவிட்டதென எந்தச் சைவனும் எண்ணுவதில்லை. மறைத்தலையும் ஐந்தொழிலுள் ஒன்றாக, அருளின் ஒரு கூறாகவே அவன் கற்றிருக்கின்றான்.

ஈண்டு ஒரு தடை எழும். கருவிகளால் வரும் அறிவு பாசஞானமே. பதிஞானத்திலே கருவிகள் யாவும் கழன்றுவிடும். ஆதலின் யந்திரத்துக்கும் திருக்கோவிலுக்கும் என்ன பொருத்தம் என வினவலாம். தடை நியாயமானதே. எத்தனை பெரிய ஆர்முடுக்கியாலும் சிவத்தைக் காட்டவியலாது. ஆயினும் விடியும்வரை உதவும் விளக்குப் போன்றது மாயை என உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே கூறியதை மறத்தலாகாது. விடியுமுன்னே விளக்கை இகழ்பவன் ஞானியாகான், இருளிலே இருப்பவனாவான்.

அவ்விளக்கின் இயல்பை ஆர்முடுக்கியின் உணர்கருவிகள் நன்கு புலப்படுத்துகின்றன. புரோத்தன் கூட்டங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை ஒன்றையொன்று ஊடுருவிச் செல்ல, அவற்றுள் மிகச் சிலவே பதிவுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டு, எஞ்சியவை மீளாதொழிகின்றன. மோதலுக்கு மிக அண்மையிலிருந்து தடங்களைப் பதியும் சிலிக்கன் தகடுகளோ, தாம் பதிகின்ற துணிக்கைகளின் தாக்குதலாலேயே நாளடைவில் நலிகின்றன. எவருடைய பிழையும் இல்லாமலே, காணுதல் என்னுஞ் செயலே காணுங் கருவியைத் தேய்க்கின்றது. எனவே 2030 அளவிலே தொடங்கவிருக்கும் செறிவுமிகு மோதல்களுக்காக, அட்லஸ், சி.எம்.எஸ். எனும் உணர்கருவிகளின் உட்பகுதிகள் முற்றாகப் புதியனவாக அமைக்கப்படுகின்றன. ஒரே கணத்தில் இருநூறு மோதல்கள் வரை ஒன்றன்மேலொன்றாய் நிகழும்பொழுது அவற்றை வேறுபிரித்தறிய, செக்கனின் இலட்சங்கோடியில் முப்பது பங்கு எனும் நுண்காலத்தை அளக்கும் அடுக்குகளும் சேர்க்கப்படுகின்றன. இச்செறிவுமிகு மோதல்களுக்கான வடிவமைப்பு ஆய்வு 2011இலேயே தொடங்கிற்று என்பது கருதத்தக்கது: ஹிக்ஸ் துணிக்கையைக் காணுமுன்னரே, அதனைக் காணவிருந்த கண் போதாதென முடிவுசெய்து, அடுத்த கண்ணுக்குத் திட்டம் வகுத்துவிட்டனர்.

ஆன்மாவின் அறிவை ஏகதேசமாக்குவது ஆணவம். தன் குறையைக் குறையென உணரவொட்டாது மறைப்பதே அம்மலத்தின் வலிமை. தன் கருவி தேயும், தன் பார்வை பலவற்றைத் தவறவிடும், தனக்குப் பின் வருவோன் இதனைத் திருத்தவேண்டும் என்று காலங்குறித்துத் திட்டமிடுபவன், அம்மலத்தின் மறைப்பை அந்த அளவுக்கேனும் விலக்கிவிட்டான். அத்திட்டத்திலே கையெழுத்திடுவோர் பலர் அதன் பலனைக் காணுமுன் ஓய்வுபெற்றுவிடுவர் என்பதால், பயன் கருதாத் தொண்டின் சாயலும் அதற்கு வாய்க்கின்றது. நம் சாத்திரமும் இவ்வாறே வாழ்ந்துவந்தது: மெய்கண்டார் அருளிய பன்னிரு சூத்திரங்களுக்கு அருணந்தி சிவாசாரியார் வழிநூல் செய்ய, பல நூற்றாண்டுகளின் பின் சிவஞான முனிவர் பேருரை வகுத்தார்; முன்னையது போதாதென்று இகழாமலும், இனியொன்றும் வேண்டாவென்று இறுமாவாமலும் செய்த திருப்பணிகள் அவை. யாழ்ப்பாணத்திலே இனியொருவர் சித்தாந்தத்துக்கு உரை காணப் புகுவராயின், ஞானபாதத்தை விரித்தெழுதுவதற்கு முன், தேய்வையும் மூட்டையும் அவற்றைச் செப்பனிடும் கையையும் பற்றிச் சரியைக்கு ஓர் உரை எழுதுதல் வேண்டும். நான்கு படிகளுள் நம்மவர் மிகக் குறைவாக ஆராய்ந்தது அதுவே.