அச்சத்துக்குப் படையல் வேண்டாம்





உகப்படிப்பில் நிற்கிறோம். வாய் அய்யாவின் நாமத்தைச் சொல்லுகிறது. அந்த நேரம் பார்த்து, வெளியே சொல்லக் கூசும் ஒரு கெட்ட எண்ணம் மனதுக்குள் புகுந்துவிடுகிறது. "பதியில் நின்றுகொண்டு இப்படி நினைத்துவிட்டேனே" என்று நெஞ்சு பதறுகிறது. இதனாலேயே வழிபாட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலருக்கு எத்தனை முறை கழுவினாலும் கை சுத்தமானதாகத் தோன்றுவதில்லை. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பியவர், சுவிட்சை அணைத்தோமா என்று பாதி வழியில் மூன்று முறை திரும்புவார். கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர், வீட்டில் கேஸை மூடினோமா என்ற ஒரே கவலையில் வேலை நேரம் முழுவதும் வெந்துபோவார்.

அழைக்காமல் வந்த எண்ணத்துக்கு மனிதன் குற்றவாளி ஆவானா? இதுதான் கேள்வி.

எண்ணம் வருவது வேறு. அதை விரும்பி வளர்த்துச் செயலாக்குவது வேறு. பிறருக்குக் கேடு செய்யத் துணிந்தவன் அந்த நினைப்பைக் கண்டு நடுங்குவதில்லை. நடுங்குகிறவருக்கு அந்த நினைப்பு தம் விருப்பமல்ல என்பதற்கு அந்த நடுக்கமே சாட்சி.

இலங்கையைச் சேர்ந்த உளவியல் அறிஞர் பத்மால் டி சில்வா, ரச்மன் என்பவருடன் சேர்ந்து 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனநோய் எதுவும் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருகின்றன என்று அதில் தெரிந்தது. அவர்களுக்கு அவை வந்து போய்விடுகின்றன. துன்பப்படுகிறவருக்கோ அடிக்கடி வருகின்றன, எளிதில் விலகுவதில்லை. இதை மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய் என்றும் ஓ.சி.டி. என்றும் சொல்லுகிறார்கள்.

அய்யாவின் காலத்தில் தென்திருவிதாங்கூர் எளிய மக்கள் பேய்க்கு அஞ்சி ஆட்டையும் கோழியையும் பலி கொடுத்தார்கள். அய்யா அதை விடச் சொன்னார். பயத்துக்கு ஒரு முறை படைத்தால் அது அடங்குவதில்லை. அடுத்த முறை கூடுதலாகக் கேட்கும். பத்தாவது முறை கை கழுவுவதும், இருபதாவது முறை பூட்டை இழுத்துப் பார்ப்பதும் அப்படிப்பட்ட படையல்தான். அந்த நிமிடம் மனம் ஆறும். சற்று நேரத்தில் பயம் மறுபடி கை நீட்டும்.

அப்படியானால் சுத்தம் வேண்டாமா? வேண்டும். வாகைப்பதிக் கடற்கரையில் 700 குடும்பத்தார் துவையல் தவசு இருந்தார்கள். குளிப்பதும் துவைப்பதும் அவர்களுக்கு நாள்தோறும் கடமை. ஆனால் அதற்கு ஓர் அளவும் முறையும் இருந்தன. முடித்தபின் முடிந்தது என்ற அமைதி இருந்தது. பயம் கேட்கும் சுத்தத்துக்கு முடிவே கிடையாது. இரண்டுக்கும் வேற்றுமை இதுதான்.

மருத்துவர்கள் தரும் பயிற்சியும் இதையே செய்கிறது. பயம் வரும்போது அதனோடு பொறுத்திருந்து, அது கேட்கும் சடங்கைச் செய்யாமல் விடப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் இதற்கு மருத்துவம் உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். மருத்துவரிடம் போவது அய்யா மீதுள்ள நம்பிக்கை குறைந்ததன் அடையாளமல்ல.

வீட்டார்க்கு ஒரு வார்த்தை. "பூட்டியாச்சா?" என்று ஒருவர் ஓயாமல் கேட்டால் கேலி செய்யாதீர்கள், பேய் பிடித்தது என்றும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் "பூட்டியாச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பதும் பயத்துக்குத் தீனிதான். "இது அந்த நோய் கேட்கிற கேள்வி, நாம் நடப்போம்" என்று சொல்லிக் கூடவே நடங்கள்.

தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுகிறோம். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. உகப்படிப்பின் நடுவே கெட்ட எண்ணம் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து படியுங்கள். பள்ளியறைக் கண்ணாடி முன் எத்தனையோ நிழல்கள் வந்து போகின்றன. கண்ணாடியில் எதுவும் ஒட்டுவதில்லை. பயத்தோடு வந்தாலும் சரி, பதிக்கு வாருங்கள்.

அய்யா துணை.