பிழை என்ற சொல்

முதலாண்டு மூலக்கூறு உயிரியல் வகுப்பில் அரிவாளணுச் சோகைக்குக் குறிப்பெடுத்தபோது, ஆசிரியர் சொன்னபடி ‘எழுத்துப் பிழை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவதாகக் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. டி.என்.ஏ.வில் ‘ஏ’ நின்ற இடத்தில் ‘டி’, அவ்வளவுதான். பிராணவாயுவைக் கொடுத்துவிட்டதும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகிறது, சிவப்பணு அரிவாளாய் வளைந்து நுண்நாளங்களில் சிக்குகிறது, வலி. 1949இல் லைனஸ் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்றார். 1957இல் வெர்னன் இன்க்ராம் அந்த ஒற்றை மாற்றத்தைக் காட்டினார். ஒரு துன்பத்தின் காரணம் இத்தனை துல்லியமாகக் கைக்குக் கிடைத்ததில் எனக்கு ஏற்பட்டது பரவசம். அந்தப் பரவசத்தை இன்று சந்தேகிக்கிறேன்.

எங்கள் பாடத்தில் நோய் ஆப்பிரிக்காவில் இருந்தது. 1952இலேயே லேமனும் கட்புஷ்ஷும் அதை நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டு எழுதியிருந்ததை யாரும் சொல்லவில்லை. கோவையிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை அது.

சில ஆண்டுகள் கழித்து ஆனைகட்டிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை முகாமுக்கு உதவியாகப் போயிருந்தேன். முடிவைக் கேட்ட இருளர் தாய் ஒருத்தி, பையனை மடியில் வைத்துக்கொண்டு, “இது எங்க வழியில வந்ததுங்களா, அவிய வழியில வந்ததுங்களா?” என்றாள். “ரெண்டு பேரு வழியிலயுந்தான்” என்றேன். இருவரும் ஆளுக்கொரு பிரதி சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று விளக்கவும் செய்தேன். சரியான பதில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் எழுந்து வெளியே போனான்.

அவள் கேட்டது காரணத்தை அல்ல, குற்றத்தை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தவன் நான். ‘வழி’ என்பது இந்தப் பக்கத்தில் கனமான சொல். கொங்கு வேளாளரில் ஒரே கூட்டத்தில் பெண்ணெடுப்பதில்லை. மாமன் மகளை எடுப்பதுண்டு. மரபணுக் கணக்கில் மாமன் மகளோடு எட்டில் ஒரு பங்கு பொது. கூட்டத்துக்காரி பலரோடு அந்த அளவு நெருக்கம் இராது. நாம் ரத்தம் என்று பேசுவது பெரும்பாலும் ரத்தத்தை அல்ல, உரிமையையும் பழியையும்.

பிழை என்றால் திருத்தமான மூலப்பிரதி ஒன்று எங்கோ இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லை. ஒரு பிரதி மட்டும் சுமப்பவரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று 1954இல் ஆலிசன் காட்டினார். மலேரியா வாட்டிய காடுகளில் அந்த எழுத்து காவல். எழுத்து அதேதான், வாசிக்கிற இடம் வேறு.

ஆனால் இதையும் ஆறுதலாக்கிவிடக் கூடாது. யாரோ பிழைத்ததற்கு இந்தப் பையனின் மூட்டுகள் வலிக்க வேண்டும் என்பது நியாயமல்ல. இயற்கைத் தேர்வுக்கு நியாயம் தெரியாது. ‘பிழை’ என்பது பழியைக் குடும்பத்தின் மேல் போடுகிறது என்றால், ‘பயன்’ என்பது வலியையே மறைக்கிறது. இரண்டும் அறிந்தவனின் சௌகரியங்கள்.

2023இல் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே விலை 22 லட்சம் டாலர். அதே ஆண்டு இங்கே 2047க்குள் நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்டவருக்கு அட்டை தருகிறார்கள், கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொள்ள. அட்டை வேண்டியதுதான். ஜாதகத்தைப் போல அதுவும் ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கும் காகிதமாகாமல் இருக்க, அதைக் கொடுப்பவன் என்ன வார்த்தை சொல்லிக் கொடுக்கிறான் என்பது முக்கியம்.

அதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரமும் இல்லை. ‘உங்க மேல தப்பு இல்லீங்க’ என்பதை முதலில் சொல்லியிருக்கலாம். அதுவும் விஞ்ஞானப்படி சரியான பதில்தான். அன்று எனக்குத் தோன்றவில்லை.