கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா பெயரை எழுதுங்கள். சுலபம். அடுத்து தாத்தா பாட்டிகள், நாலு பேர். அதையும் எழுதிவிடுவீர்கள். அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று என்று கொஞ்சம் குழப்பம் வரலாம், அவ்வளவுதான். இப்போது இன்னும் ஒரு படி மேலே ஏறுங்கள். கொள்ளுத்தாத்தாக்கள், கொள்ளுப்பாட்டிகள். மொத்தம் எட்டுப் பேர். எத்தனை பெயர் தெரியும்?

நம்மில் பலருக்கு ஒன்று அல்லது இரண்டு தெரிந்தால் அதிகம். அதுவும் பெரும்பாலும் ஆண் பெயராகத்தான் இருக்கும். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று தமிழில் உறவுக்குச் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. ஆளுக்குத்தான் பெயர் இல்லை. திதி கொடுக்க உட்காரும்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்க, பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்து முழிக்காதவர்கள் பாக்கியசாலிகள்.

நமக்கே தெரியாத, தெரிந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றாத இந்த விஷயத்தைத் தேடிக் கடல் கடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து சேலம் போகிற ரயில் பாதையில், மொரப்பூர் தாண்டி, சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது பொம்மிடி. தருமபுரி மாவட்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒருவர் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறார். தமிழ் பேச வராது. கையில் ஒரு தாள். அவருடைய தாத்தாவின் தாத்தா கப்பல் ஏறியபோது குமாஸ்தா எழுதிய பதிவின் நகல். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்பது வரை அதில் இருக்கிறது. சாதி என்று ஒரு கட்டமும் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஆள்தான் கற்பனை. தாள் கற்பனை இல்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16-ம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை, ஐந்து வருட ஒப்பந்தம். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். சுமார் மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். மொரீஷியஸுக்கு 1834-லிருந்து இந்தியாவின் பல பக்கங்களிலிருந்தும் போனவர்கள் சுமார் நாலரை லட்சம். அந்தப் பதிவேடுகளை அங்கே மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 1860-களில் தொடங்கி எடுத்த புகைப்படங்கள்கூட உண்டு.

ஏன் போனார்கள்? பொம்மிடி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1871-ம் வருடக் கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். பத்து வருடம் கழித்து எண்ணியபோது சுமார் 16 லட்சம். நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876-78. செத்தவர்கள் போக மிச்சமிருந்தவர்களில் கால் நடந்த பக்கம் போனவர்கள் ஏராளம். கங்காணி கூப்பிட்டால் கண்டிச் சீமை, ஏஜென்ட் கூப்பிட்டால் கப்பல். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் கடலைத் தாண்டினார்கள்.

சரி, நம் டர்பன்காரர் பொம்மிடியில் யாரிடம் போய்க் கேட்பார்?

அவருடைய ஊரில் வேலை பார்க்கும் ஒரு ஜெர்மன் வம்சாவளிக்காரர், தன் பாட்டனாரின் ஊரைத் தேடி ஜெர்மனிக்குப் போனால் கதை வேறு. அங்கேயும் பதிவுகள் அழிந்திருக்கின்றன. பிரெமன் துறைமுகத்தின் பழைய பயணிகள் பட்டியல்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850-லிருந்து 1934 வரை ஏறியவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் அந்த ஊர் மாதா கோயிலின் பதிவேட்டைத் தேடிப் பிடிக்கலாம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருப்பார்கள். விவசாயி, செருப்புத் தைப்பவர், வேலைக்காரி எல்லோரும் அதில் இருப்பார்கள்.

பொம்மிடியில் அப்படி ஒரு புத்தகத்துக்கு எங்கே போவது? வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நிலப் பதிவேடு இருக்கும். நிலம் இருந்தவன் பெயர் அதில் இருக்கும். கப்பல் ஏறியவனுக்கு நிலம் இருந்திருந்தால் அவன் ஏன் கப்பல் ஏறப்போகிறான்? போதாக்குறைக்கு, தாளில் சேலம் ஜில்லா என்று இருக்கும். 1965-ல் தருமபுரி தனி மாவட்டம் ஆனது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் எந்த ஊரோ! டிப்போவில் பெயரை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். சொந்த ஊரில் எந்தக் காகிதத்திலும் இடம் கிடைக்காதவனின் பெயரை, தகப்பன் பெயரோடும் தழும்போடும் சேர்த்து எழுதி வைத்தது அவனைக் கூலியாக ஏற்றிக்கொண்டு போன கப்பல். அன்பினால் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே என்று எழுதினார்கள். ஆனாலும் எழுதினார்கள்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

வெளியூர்க்காரர் ஒருவர் டீக்கடையில் நின்று, “எங்க பாட்டனார் இந்த ஊருங்க” என்றால் நம் கிராமங்களில் அடுத்து என்ன கேள்வி வரும்? “அப்படிங்களா, நீங்க என்ன ஆளுங்க?” கெட்ட எண்ணத்தில் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். எந்தத் தெருவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஊரே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. ஆனால் டர்பன்காரருக்கு அந்தக் கேள்வி புரியாது. கப்பலில் எல்லோரும் ஒரே பானைச் சோறு தின்றவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் உறவாகவே நினைத்துப் பழகினார்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டன், படையாச்சி எல்லாம் அங்கே இனிஷியல் மாதிரி வெறும் குடும்பப் பெயராகிவிட்டது. நாலு தலைமுறையாகக் கரைந்துபோன ஒன்றை, பாசத்தோடு பாட்டனைத் தேடி வந்த இடத்தில் நாம் அவர் கையில் திரும்பக் கொடுக்கிறோம்.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். 2012 நவம்பரில் இதே தருமபுரி மாவட்டத்தில் நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியில் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு கலப்புத் திருமணம்தான் அதற்குச் சொன்ன காரணம். இன்னார் பேரன் இன்னார் பேத்தியைக் கட்டலாமா என்ற கேள்விக்கு இங்கே நெருப்பு வைக்கிற பலம் உண்டு.

வம்சாவளியைக் கையில் எடுத்தால் அது எந்தப் பக்கம் வெட்டும் என்று சொல்ல முடியாது. அந்த ஜெர்மன் மாதா கோயில் பதிவேடுகளையே பாருங்கள். 1933-ல் ஹிட்லர் அரசு, யூத ரத்தம் கலக்கவில்லை என்று காட்டினால்தான் சர்க்கார் உத்தியோகம் என்றது. ஜனங்கள் கோயில் கோயிலாகப் போய் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றார்கள். முன்னோர் பாஸ் புத்தகம் என்றே ஒன்று வந்தது. 1935-ல் இன்னும் ஒரு படி. நான்கு தாத்தா பாட்டிகளில் மூன்று பேர் யூதர் என்றால் நீயும் யூதன். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கையில் 1948-ம் வருடக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? உன் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததாகக் காட்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. பாட்டன் பிறந்தான் என்பதற்காக, பார்த்தே இராத ஊருக்கு வந்து இறங்கினார்கள் பலர். அங்கேயே தங்கியவர்களின் சிக்கலை முடிக்க 2003-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் போனதற்கு இத்தனை பெரிய தண்டனை!

அப்படியானால் தேடவே வேண்டாமா? “போனவங்க போயிட்டாங்க, இப்ப எதுக்குத் தோண்டணும்?” என்று விட்டுவிடலாமா?

இரண்டு பேர் தேடிய கதையைச் சொல்கிறேன். ஒருவர் வி.எஸ். நைபால். டிரினிடாடுக்குக் கூலியாகப் போன தாத்தாவின் ஊரை 1962-ல் உத்தரப் பிரதேசத்தில் தேடிப் போனார். ஊர் கிடைத்தது. கூடவே, நில வழக்குக்குப் பண உதவி கேட்கும் உறவுக்காரரும் கிடைத்தார். நைபால் எரிச்சலோடு கிளம்பிவிட்டார். ஜீப்பில் ஏற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு பையனைக்கூட ஏற்றவில்லை. ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ என்ற புத்தகத்தில் அதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்னொருவர் கயூத்ரா பகதூர். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903-ல் கல்கத்தாவில் கப்பல் ஏறியவள். தன்னந்தனியாக, வயிற்றில் பிள்ளையோடு. ஏன் ஓடினாள், புருஷன் யார், தெரியாது. பேத்தி ஆவணங்களைப் புரட்டினார், பீகாருக்கு வந்தார். கடைசிவரை எல்லாக் கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. ஆனால் தேடிய வழியில் அவளைப் போலவே கப்பல் ஏறிய ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கை கண்ணில் பட்டது. ‘கூலி உமன்’ என்று 2013-ல் புத்தகமாக வந்தது.

நைபாலைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தாத்தா என்றால் பெருமையாக ஏதாவது கிடைக்கும் என்று போகிறவருக்கு, அழுக்கு வேட்டியோடு கை நீட்டுகிற உறவு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நம்மில் வம்சம் தேடுகிற பலரும் இப்படித்தான் ஒரு ராஜாவையோ ஜமீன்தாரையோ எதிர்பார்த்துக் கிளம்புகிறோம். கயூத்ரா தேடியது பெருமையை அல்ல. ஒருத்தி என்ன பாடு பட்டாள் என்பதைத் தேடினார்.

குலப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேல் 8, 16, 32 என்று ஏறிக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்கிற நம் ஊரில் சிலர் இரண்டு தடவை வருவார்கள், கணக்கு கொஞ்சம் குறையும். போகட்டும். ‘எங்க வம்சம்’ என்று நெஞ்சு நிமிர்த்தும்போது அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் அப்பாவழியே போகிற ஒரே ஒரு ஆளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்கள் நமக்கு யார்? அதில் பஞ்சத்தில் செத்தவள் இருப்பாள். ஊரை விட்டு ஓடியவன் இருப்பான். பெண்டாட்டி பிள்ளையைத் தவிக்கவிட்டுக் கப்பல் ஏறியவனும் இருக்கலாம். அவன் டர்பனில் வேறு குடும்பம் ஆகியிருந்தால், பொம்மிடியில் தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவளின் பேரன்தான் இன்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர். வந்தவரும் இருப்பவரும் பார்த்துக்கொண்டால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. “உங்க பாட்டி எப்படிப் பொழைச்சாங்க?” என்று வந்தவர் கேட்டால் போதும். அந்தக் கேள்விக்காக அவ்வளவு தூரம் வரலாம்.

ஆகவே தேடலாம் என்பதுதான் என் கட்சி. சலுகை கேட்கவும் சாதி பார்க்கவும் தேடினால் வேண்டாம். நமக்காக யாரோ பட்ட கஷ்டத்துக்குப் பெயர் தெரிந்துகொள்ளத் தேடினால், அவசியம் வேண்டும்.

தேடி வருகிறவருக்கு ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. எந்த வீடு என்று தெரியாமல் போகட்டும். மலையைக் காட்டலாம், ஏரியைக் காட்டலாம். “எந்த வீட்டு ஆளுன்னு தெரியலீங்க. இந்த மலையைத்தான் உங்க பாட்டனாரும் பார்த்திருப்பாரு, வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்று ஒரு பெரியவர் சொன்னால் தாளில் எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியதில்லை.

நமக்கும் வேலை இருக்கிறது. ஆரம்பத்தில் எடுத்த பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டுப் பெயருக்கு எட்டு வரி விடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த ஊர், செய்த வேலை, என்ன கஷ்டப்பட்டார் என்று எழுதுங்கள். சாதிக்குக் கட்டம் வேண்டாம். குடும்பத்திலேயே வயதானவர் யாரோ, அவருக்குப் போன் போடுங்கள். பெரும்பாலும் அது ஒரு பெரியம்மாவாகவோ அத்தையாகவோ இருக்கும். கொள்ளுத்தாத்தாவை விட்டுவிட்டு, கொள்ளுப்பாட்டி பெயரை முதலில் கேளுங்கள்.

அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். தீபாவளிக்கு நேரில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.