நாவல் கனியும் யானைத்தீயும்

12 ஆண்டுக்கு ஒரு நாவல் கனி. அதை உண்டுவிட்டால் அடுத்த 12 ஆண்டும் பசி எட்டிப் பார்க்காது. மணிமேகலைக் காப்பியத்தில் விருச்சிக முனிவரின் நோன்பு இது. ஆற்றங்கரையில் அவர் வைத்துவிட்டு நீராடப் போன கனியைக் காயசண்டிகை என்பவள் காலால் சிதைத்துவிடுகிறாள். அதனால் அவளுக்கு வந்த சாபம் யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி.

அந்தக் கனியைத்தான் நம் காலம் மாத்திரையாக்கப் பார்த்தது.

காலஹாரிப் பாலை நிலத்தில் ஹூடியா என்றொரு முள்செடி உண்டு. சான் இன வேட்டைக்காரர்கள் நெடுந்தூரம் நடக்கும்போது அதன் தண்டை மென்று பசியையும் தாகத்தையும் தள்ளிப்போடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் அறிவியல் ஆய்வு மன்றம் 1990களில் அதன் சாற்றுக்குக் காப்புரிமை கோரியபோது, அந்த அறிவுக்கு உரியவர்களைக் கேட்கவே இல்லை. வருவாயில் பங்கு தரும் ஒப்பந்தம் 2003இல்தான் வந்தது. அந்தச் சாற்றை மாத்திரையாக்க முயன்ற ஃபைசர் மருந்து நிறுவனம் அதே ஆண்டு விலகியது. அடுத்து முயன்ற யூனிலீவர் நிறுவனமும் 2008இல் கைவிட்டது. 2011இல் வெளியான ஆய்வில், உடல் எடை மிகுந்த பெண்கள் 15 நாள் அந்தச் சாற்றை உட்கொண்டும் உணவின் அளவு குறையவில்லை. இரத்த அழுத்தம்தான் ஏறியது.

நம் வறண்ட காடுகளில் முளைக்கும் கள்ளிமுளையான் செடியும் ஹூடியாவுக்கு உறவுதான். இரண்டும் எருக்கின் குடும்பம். துவையலாக அரைத்துத் தின்ற அதையும் இன்று உடல் இளைக்கும் மாத்திரையாக விற்கிறார்கள்.

எடையால் மூட்டு நோகிறவருக்கு, சர்க்கரை நோயோடு போராடுகிறவருக்குப் பசியைத் தணிக்க ஒரு மருந்து தேவைப்படலாம். அதில் தவறேதும் இல்லை. கேள்வி வேறு: பசியே இல்லாமல் போவது வரமா?

பசியாறுதல் என்கிறது தமிழ். பசியடக்குதல் அதுவல்ல. பசியின் கொடுமையை வள்ளலார் அளவுக்கு வருந்தி எழுதியவர் குறைவு. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியவர் அவர். ஆனால் அவரே பசியை ஓர் உபகாரக் கருவி என்றும் சொல்கிறார். பசி இல்லையென்றால் உயிர்கள் ஒன்றையொன்று எதிர்பார்க்காது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் உதவியும் இல்லை, இரக்கத்துக்கு வேலையும் இல்லை. மாத்திரை விற்பவரின் கணக்கில் பசி வயிற்றுக்குள் முடிந்துவிடுகிறது. வள்ளலாரோ அதை இரண்டு உயிர்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார்.

இந்த வெளிச்சத்தில் முனிவரின் கனி தனிமையாகத் தெரிகிறது. 12 ஆண்டு அவர் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. காயசண்டிகையோ புகாரின் தெருக்களில் அலைந்து, கடைசியில் மணிமேகலையின் அள்ளக் குறையாத அமுதசுரபியிலிருந்து சோறு வாங்கித் தின்று தீ அவிந்தாள். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. ஒருத்தியின் பசி ஆற மூன்று பெண்கள் சேர வேண்டியிருந்தது.

சான் வேட்டைக்காரரின் செடியும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். மான் கிடைக்கும்வரை தாங்குவதற்கே அவர் தண்டை மென்றார். கிடைத்த இறைச்சி குடியிருப்புக்கு வந்து, எல்லாருக்கும் பங்காகி, நெருப்பில் வேகும்போது அவரும் பசியோடுதான் உட்கார்ந்திருந்தார்.