முதலில் நாங்கள் ஒரு சொல்லில் நிற்போம்

போன மாசியில் ரொறன்ரோவின் மார்க்கம் வீதியில் கண்டது. பனி வழித்த நடைபாதையில் உப்பு குறுணியாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு தம்பி நாயைக் கொண்டுபோனார். நாய் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. "நடடா!" என்று வாரைச் சுண்டி இழுத்தார். கழுத்தில் முள்ளுப்பட்டி. நாய் உதட்டை நக்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பிடிவாதமில்லை, தம்பி. உள்ளங்காலில் உப்பு எரிகிறது. தனக்குத் தெரிந்த பாஷை முழுவதிலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் நின்றது.

அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரில் நாயை யாரும் பழக்கவில்லை. வளவும் வேலியும் இருந்தன, மிஞ்சிய சோறு இருந்தது, அது தன்பாட்டில் வளர்ந்தது. இங்கே அது லிப்டில் ஏறவேண்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடந்து போகவேண்டும், விருந்தாளி மேல் பாயாமல் நிற்கவேண்டும். இவ்வளவையும் கேட்கிற நாங்கள் அதோடு எப்படிக் கதைக்கிறோம்?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மம்மா "இரு" என்றால் உட்கார் என்று அர்த்தம். சென்னையில் பிறந்த மருமகள் "இரு" என்றால் பொறு என்று அர்த்தம். பேரனுக்கு "சிட்". நானோ படுக்கச் சொல்லவும் "டவுன்", மேலே பாயாதே என்று சொல்லவும் "டவுன்". நாய் நாலு முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும். பிறகு நான் கத்துவேன். அது காதை மடித்துப் பதுங்கும். "பார், செய்த குற்றம் அதுக்கே தெரியுது" என்போம். 2009 இல் நாய் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் சோதித்துப் பார்த்தார்: பிழை செய்யாத நாயும், ஏச்சு விழுந்தால் அதே முகத்தைத்தான் காட்டியது.

இன்றிரவே எல்லோரும் குசினி மேசையில் இருந்து சொற்களைத் தீர்மானியுங்கள். ஒரு செயலுக்கு ஒரே சொல். எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள், அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பரிசாகக் கொடுக்கக் கோழியை உப்பில்லாமல் அவித்துக் கடலையளவு துண்டுகளாக வெட்டி வையுங்கள். கறிச்சட்டியிலிருந்து எடுக்கவேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பாயாமல் நாலு காலும் தரையில் இருக்கிற அந்தக் கணத்திலேயே துண்டு வாய்க்குப் போகவேண்டும். பொக்கற்றைத் துழாவி எடுப்பதற்குள் அது மறுபடி பாய்ந்திருந்தால், நீங்கள் கூலி கொடுத்தது பாய்ச்சலுக்கு. சொன்னது செய்யவில்லையா? கேட்டது பெரிது, சின்னதாக்கிக் கேளுங்கள்.

"நான்தான் தலைவன் என்று அதுக்குக் காட்டவேணும்" என்பவர்களுக்கு ஒரு சேதி. அந்த எண்ணத்தின் வேர், ஆய்வாளர் றூடொல்ப் ஷெங்கெல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947 இல் எழுதியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970 இல் தன் நூலால் அதைப் பரப்பினார். பிறகு எங்கள் கனடாவின் வடக்கே, எல்ஸ்மியர் தீவில், கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தவரும் அவரேதான். 1999 இல் அவர் எழுதினார்: கூட்டம் என்பது ஒரு குடும்பம், தலைமைச் சோடி என்பது தாயும் தகப்பனும். சொன்னவரே திருத்திக்கொண்டார். நாங்கள் இன்னும் நாயை மல்லாக்கப் புரட்டி அமத்திக்கொண்டிருக்கிறோம்.

உறுமலுக்கு ஒருபோதும் அடிக்காதீர்கள். இதை நாளைக்கென்று தள்ளிவைக்க முடியாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமில்லாமல் பல் பதியலாம், அது ஒரு பிள்ளையின் மேலாகவும் இருக்கலாம். ஒன்ராறியோச் சட்டப்படி கடிக்கு நட்டஈடு நாய்க்காரர் தலையில். ரொறன்ரோ மாநகரம் ஆபத்தான நாய் என்று கட்டளையிட்டால், வெளியே வாய்க்கூடு, வீட்டில் எச்சரிக்கைப் பலகை. நாய் உறுமினால் விலகுங்கள், பிள்ளையை அப்பால் கூப்பிடுங்கள், எதற்குப் பயந்தது என்று பாருங்கள். திடீரென உறுமத் தொடங்கிய நாய்க்கு நோவும் இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

முள்ளுப்பட்டியைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். மார்போடு அணைகிற பட்டியை மாட்டுங்கள். நடந்து வந்ததும் வாசலில் இளஞ்சூட்டுத் தண்ணீர்ச் சட்டியை வையுங்கள். பலாத்காரமாகக் காலைப் பிடிக்காதீர்கள். கையை நீட்டிப் பொறுத்திருங்கள். அது பாதத்தைத் தந்தவுடன் ஒரு துண்டு கோழி, பிறகு உப்பைக் கழுவுங்கள்.