கேலிக்கும் ஒரு முறை உண்டு

மணிமேகலை தீவினைகளைப் பத்தாக வகுக்கிறது. உடம்பால் மூன்று, சொல்லால் நான்கு, மனத்தால் மூன்று. சொல்லால் வரும் நான்கில் ஒன்று பயனில்லாத பேச்சு. திருக்குறளும் அதற்கென்றே 20-ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறது. வகுப்பில் அந்த அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கோவில்பட்டிப் பக்கத்துக் கட்டட வேலைகள்தான் ஞாபகத்துக்கு வரும். என் அம்மா சித்தாள். பள்ளி லீவில் நானும் கலவைச் சட்டி சுமந்திருக்கிறேன். காவித் தரை போடுகிற அன்றைக்கு அங்கே ஓடிய பேச்சை எந்த வகுப்பிலும் சொல்ல முடியாது. அதைப் பேசியவர்கள் பாவம் செய்தார்களா?

காவித் தரையைப் பாதியில் விட்டுவிட்டு நாளைக்கு வந்து தொடர முடியாது. சிமெண்டையும் காவிப் பொடியையும் ஒரு அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் ஒரே தடவையில் கலந்து, பலமுறை சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்துவிட்டதே என்று மறுபடி கலந்தால் நிறம் சேராது. ஒட்டுப்போட்டது காலத்துக்கும் தெரியும். கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்துவிட்டு, மேலே மினுங்குகிற தண்ணீர் உள்ளே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். முந்திக் கரண்டி போட்டால் தரை வெடிக்கும், பிந்தினால் வழுவழுப்பு ஏறாது. கொத்தனார் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். பதம் வந்ததும் கடைசிச் சுவரில் ஆரம்பித்து, குத்தவைத்தபடியே பின்னால் நகர்ந்து, வாசல்வரை அழுத்தித் தேய்த்து வர வேண்டும். முடிக்கும்போது இருட்டிவிடும். இடுப்பு கழன்றுபோகும்.

பேச்சு பிறப்பது அந்தக் காத்திருப்பில்தான். ஈரம், இறுக்கம், தேய்ப்பு, பதம் என்று வேலைக்கான சொல்லெல்லாம் இரண்டு பக்கமும் திரும்பும்.

"என்ன கொழுந்தனாரே, இன்னும் கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீரு?"

"ஈரம் அடங்கட்டும்னு இருக்கேன் மதினி."

"அடங்குறவரைக்கும் உமக்குத் தாங்குமா?"

"அவசரப்பட்டு நீட்டுனவன் போட்ட தரை எது மதினி நின்னுருக்கு?"

இது நான் எழுதத் துணிகிற அளவுக்கானது. இதற்கு மேலே போனதும் உண்டு. பெரும்பாலும் ஆரம்பித்து வைத்தவர்கள் பெண்கள். என் அம்மாவோடு வேலை செய்த ஒரு கிழவி வாயைத் திறந்தால் சாரத்தின்மேல் நிற்கிறவன் குனிந்துகொள்வான். அதே கிழவி வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுவாள். இந்த இரண்டும் அவளுக்குள் சண்டை போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சண்டை போடாததற்குக் காரணம் இருக்கிறது. நம் தெய்வங்கள் இந்தச் சிரிப்புக்கு முகம் சுளித்ததில்லை. எத்தனையோ கோயில் தேர்களில் ஆண் பெண் கூடும் சிற்பங்கள் இருக்கின்றன, அந்தத் தேரில்தான் சாமி வீதி வருகிறது. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் நடக்கும் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் அடிக்கும் பச்சைக் கேலிக்கு ஊரே சிரிக்கும். கொடுங்கல்லூர் பகவதிக்கு மீன மாதப் பரணியில் கெட்ட வார்த்தைப் பாட்டே காணிக்கை. எங்கள் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் இப்படிப்பட்ட நாட்டுப்புறக் கதைகளைத் தேடிச் சேர்த்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று புத்தகமாகவே போட்டார். மண்ணை விளையவைக்கிற, கருவைத் தாங்குகிற சக்தியைத் தாயென்று கும்பிடுகிறவர்கள், அந்தச் சக்தி எந்த வழியாக வருகிறதோ அதை மட்டும் அசிங்கம் என்று ஒதுக்கவில்லை. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அதனாலேயே எல்லாக் கேலியும் குற்றமற்றது என்று ஆகிவிடாது.

மேலே சொன்ன பேச்சில் கொழுந்தன், மதினி என்று வருகிறதே, அவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல. வேலைக்கு வந்த இடத்தில் முறை வைத்துக்கொண்டவர்கள். அந்த முறைதான் வேலி. மதினி, கொழுந்தன், மாமன், மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்களுக்குள் கேலி செல்லும். அண்ணன், தங்கச்சி என்றால் செல்லாது. புதிதாக வருகிற பெண் முதல் நாளே எல்லோரையும் "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டால் கதவு சாத்தியாயிற்று, அதற்குப் பிறகு அவளிடம் வாய்விடுகிறவனை மற்ற ஆண்களே அதட்டுவார்கள். என்ன முறை வைப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். ஒழுக்க நூல் எதையும் படிக்காத மனிதர்கள் கண்டுவைத்த இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

அது உடைந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு மேஸ்திரி. "அண்ணே" என்று கூப்பிட்ட ஒரு இளம்பெண்ணிடம், "நான் என்ன உனக்கு அண்ணனா? மச்சான்னு கூப்பிடு" என்று சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அவர் பேசியது கிழவி பேசியதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கேட்டதற்கு, "சும்மா விளையாட்டுக்குத்தான" என்றார்.

வினை என்பது மனத்தின் எண்ணம்தான் என்கிறது மணிமேகலை சார்ந்த பௌத்தம். அதை மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த மேஸ்திரி தப்பித்துவிடுவார், விளையாட்டுத்தான் தன் எண்ணம் என்று அவரே நம்பவும் நம்புவார். வள்ளுவர் அந்த வழியை விடவில்லை. பயனில சொல்லாமையின் முதல் குறள், பேசுகிறவனின் மனத்தைத் தேடிப் போகாமல், கேட்கிறவர்கள் வெறுத்தார்களா என்றுதான் பார்க்கிறது. கேட்டவளால் திருப்பிக் கொடுக்க முடிந்ததா? அவள் கூலி அந்த வாயால் குறையுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் போதும். கிழவியின் பச்சைப் பேச்சு பயனில்லாத சொல்கூட இல்லை. பொழுதெல்லாம் குத்தவைத்த இடுப்புக்கு அது மருந்து. மேஸ்திரியின் நாகரிகமான வாக்கியம் கடுஞ்சொல், மணிமேகலையின் பட்டியலில் அதற்கும் தனி இடம் உண்டு.

ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தரையில் வேலை செய்கிறவர்கள் சிரித்தால் "என்ன பேச்சு இது" என்று அதட்டாதீர்கள். சிரிப்பு நின்று, ஒரு பெண் மட்டும் தலை குனிந்தபடி சட்டி தூக்கினால், அங்கே போய் நில்லுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்கிற இடத்துக்கும் பொருந்தும். அவள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுக்க உதவ வேண்டியது அந்தக் குழுவின் கடமை.